விளையாட்டின் விதிக்கு விலை வைக்கலாமா?

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்து தடை போட்டது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2022இல் தனிச் சட்டம் இயற்றியிருந்தது. தடை சரிதான். ஆனால், பிள்ளையின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி வைத்த பிறகு அந்தக் கைக்கு எதைக் கொடுப்பது என்ற பேச்சு போதிய அளவுக்கு எழவில்லை. மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, முகம் பார்த்து ஆடும் விளையாட்டுகள் அதற்கு நல்ல விடை. அவற்றில் வளமான ஒன்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டாமல் போவதற்கு முதல் காரணம் விதிப்புத்தகத்தின் விலை.

சிறுபொம்மைப் போர் விளையாட்டைத்தான் சொல்கிறேன். ஆங்கிலத்தில் வார்கேம் என்பார்கள். விரல் உயரப் படைவீரர் பொம்மைகள், அட்டையில் செய்த குன்றுகள், மரங்கள், ஒரு இஞ்ச் டேப், சில பகடைகள். சதுரங்கத்தில் கட்டம் உண்டு; இதில் கட்டம் கிடையாது. காலாட்படை ஆறு அங்குலம் நகரலாம், குதிரைப்படை பன்னிரண்டு அங்குலம் நகரலாம் என்று விதி சொல்லும். டேப்பால் அளந்து நகர்த்த வேண்டும். சுடும்போது பகடை உருட்ட வேண்டும். வெட்டவெளியில் நிற்பவனுக்கு நாலு விழுந்தாலே அடி. சுவருக்குப் பின்னால் நிற்பவனுக்கு ஐந்தோ ஆறோ விழ வேண்டும். இப்படித்தான் ஆட்டம் போகும்.

இதில் விளையாட்டோடு படிப்பும் இருக்கிறது. நிகழ்தகவு என்று பத்தாம் வகுப்புக் கணக்கில் மனப்பாடம் செய்வதைப் பிள்ளை இங்கே விரலால் தொட்டு உணர்கிறது. அளக்கிறது, கணக்குப் போடுகிறது, வரலாறு தேடிப் படிக்கிறது. எதிரில் இருப்பவனிடம் தோற்றுவிட்டு அவனோடேயே டீ குடிக்கப் போகவும் கற்றுக்கொள்கிறது. எந்தக் கைப்பேசி விளையாட்டும் இந்தக் கடைசிப் பாடத்தை நடத்துவதில்லை.

நம் மண்ணே போர்க்களம்

கடலூர், சிதம்பரம் பகுதிக்கு இந்த விளையாட்டோடு உள்ள உறவு தமிழ்நாட்டில் வேறு ஊர்களுக்குக் குறைவு. கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டையை 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒரு விநோதமான அளவுகோல் வைத்தார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவு தூரமும் கம்பெனிக்கு. அப்படிக் கைமாறிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது.

1781 ஜூன் 18இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை சிதம்பரம் கோயிலைத் தாக்கியது. கோயில் அப்போது மைசூர் ஹைதர் அலியின் படை காத்த கோட்டையாக இருந்தது. தாக்கியவர்கள் அடிபட்டுத் திரும்பினார்கள். இரண்டு வாரத்துக்குள், ஜூலை 1இல், பரங்கிப்பேட்டைக்கு அருகே ஹைதரும் கூட்டும் நேருக்கு நேர் மோதினார்கள். அன்று வென்றது கூட். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்ப் படையும் கடலூரைப் பிடித்தார்கள்.

1783 ஜூனில் ஆங்கிலேயப் படை கடலூரைத் திரும்பப் பிடிக்க வந்தது. உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, வெளியே ஜேம்ஸ் ஸ்டுவர்ட். ஜூன் 13இல் தரையில் நடந்த சண்டையில் இரு தரப்பிலும் பெரும் உயிர்ச்சேதம். ஜூன் 20இல் கடலில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரன் 15 போர்க்கப்பல்களோடு, 18 கப்பல்கள் வைத்திருந்த எட்வர்ட் ஹியூஸை எதிர்கொண்டு விரட்டினார். வேதனை என்னவென்றால், அந்த ஆண்டு ஜனவரி 20ஆம் தேதியே ஐரோப்பாவில் இரு நாடுகளும் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தன. செய்தி கடல் கடந்து கடலூருக்கு வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது. முடிந்துபோன போருக்காக நம் மண்ணில் அத்தனை பேர் செத்தார்கள்.

கப்பற்போர் விளையாடும் வெளிநாட்டு ஆர்வலர்களுக்கு சுஃப்ரனும் ஹியூஸும் பழக்கமான பெயர்கள். அந்தச் சண்டையைத் தங்கள் கடற்கரையிலிருந்தே பார்க்கக்கூடிய தூரத்தில் வாழ்ந்தவர்களின் வாரிசுகளுக்கோ அது பாடப்புத்தகத்தில் அரை வரி.

மூன்று ஆண்டுக்கு ஒரு புத்தகம்

இந்த விளையாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரஷ்ய ராணுவம் 1824இல் அதிகாரிகளின் பயிற்சிக்கு இதைப் பயன்படுத்தியது. எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு சிறு புத்தகம் எழுதி, வீட்டுத் தரையில் ஆடும் விளையாட்டாக்கினார். இன்று இந்தத் துறையில் பெரிய நிறுவனம் பிரிட்டனின் நாட்டிங்ஹாமில் உள்ள கேம்ஸ் ஒர்க்‌ஷாப். 1987இல் அது வெளியிட்ட ‘வார்ஹேமர் 40,000’ உலகம் முழுவதும் ஆடப்படுகிறது. 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலில் இடம்பிடித்தது.

அந்த விளையாட்டின் எட்டாம் பதிப்பு 2017இல் வந்தது, ஒன்பதாம் பதிப்பு 2020இல், பத்தாம் பதிப்பு 2023இல். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விதி மாறுகிறது. பொது விதிப்புத்தகம் ஒன்று. அதற்கு மேல் ஒவ்வொரு படைக்கும் தனித்தனிப் புத்தகம். பதிப்பு மாறினால் பழைய படைப்புத்தகமும் காலாவதியாகிவிடும். பதிப்பு மாறாவிட்டாலும், எந்தப் படைக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கை நிறுவனம் அவ்வப்போது திருத்திக்கொண்டே இருப்பதால், காசு கொடுத்து வாங்கிய பக்கங்கள் சில மாதங்களிலேயே பழசாகின்றன.

ஒரு படைப்புத்தகம் பிரிட்டனிலேயே 30 பவுண்டுக்கு மேல். நம் பணத்தில் மூவாயிரத்துக்கு மேல். 2025–26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்ட ஒரு நாள் கூலி ரூ.336. ஒன்பது நாள் மண் சுமந்தாலும் ஒரு புத்தகத்துக்குக் காணாது. அதற்கு மேல் அனுப்பும் செலவு. இறக்குமதியாகும் புத்தகத்துக்கு 2019 பட்ஜெட்டில் 5% சுங்க வரி விதித்தார்கள். பொம்மைகளுக்கான சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆனது. உள்நாட்டுத் தொழிலைக் காக்க எடுத்த முடிவு அது. அதில் எனக்கு மறுப்பில்லை. 2025 செப்டம்பரில் சதுரங்கப் பலகை, கேரம் போன்ற பலகை விளையாட்டுகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததும் நல்ல முடிவு. ஆனால், விதிப்புத்தகத்தின் அடக்கவிலையே மூவாயிரம் என்றால் இந்தக் குறைப்பு எங்கே போய் உதவும்?

கடலூர் முதுநகரில் உறவினர் வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் செய்து வைத்திருந்த படையைப் பார்த்தேன். படைவீரர் படங்களைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டி, வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அடியில் சோடா மூடி வைத்து நிறுத்தியிருந்தான். மூடிக்குள் களிமண் அடைத்திருந்தான், மின்விசிறிக் காற்றில் விழாமல் இருக்க. சிவப்புச் சட்டைக்காரர்களுக்கு ஸ்கெட்ச் பேனா வண்ணம். மொத்தமும் நூறு ரூபாய்க்குள் முடிந்த வேலை. ஆனால், விதிப்புத்தகம் என்று அவனிடம் இருந்தவை யாரோ கைப்பேசியில் எடுத்து அனுப்பிய படங்கள். ஓரத்தில் கட்டைவிரல் மறைத்த பக்கங்கள், நடுவில் சில பக்கங்களே இல்லை. இல்லாத பக்கத்தில்தான் குதிரைப்படை மோதும்போது என்ன செய்வது என்ற விதி இருந்திருக்கிறது. அந்த இடம் வந்ததும் நண்பர்களுக்குள் வாய்ச்சண்டை, ஆட்டம் கலைந்துவிடும். பொம்மையைக் கையால் செய்யத் தெரிந்த பிள்ளை, விதிக்கு வழியில்லாமல் நிற்கிறான். மனசு பொறுக்கவில்லை.

சிதம்பரம் அண்ணாமலைநகரில் ஜெராக்ஸ் கடைகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி வரும். பாடப்புத்தகத்தைப் பிரதியெடுத்து ஸ்பைரல் போட்டுப் படிக்கிறார்களே, விளையாட்டுப் புத்தகத்தையும் அப்படிச் செய்தால் என்ன? 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் பல்கலைக்கழகப் பாடத்துக்காகப் புத்தகப் பகுதிகளைப் பிரதியெடுப்பது உரிமை மீறல் ஆகாது என்று தீர்ப்பளித்தது உண்மை. அது கற்பித்தலுக்கான விலக்கு. பொழுதுபோக்குப் புத்தகத்துக்கு நீளாது. பிள்ளைகளைத் திருட்டுப் பிரதிக்குப் பழக்குவதும் நல்லதல்ல. நேர்வழி ஒன்று திறக்கப்பட வேண்டும்.

நிறுவனங்கள் சொல்லும் நியாயம்

புத்தகம் எழுத ஆள் வேண்டும், படம் வரைய ஓவியர் வேண்டும், விதி சரியாக இருக்கிறதா என்று நூறு முறை ஆடிப் பார்க்க வேண்டும், இதற்கெல்லாம் காசு வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். கதையும் ஓவியமும் நிறைந்த கெட்டி அட்டைப் புத்தகத்துக்கு எவ்வளவு விலை வேண்டுமானாலும் வைக்கட்டும், ஆசைப்படுகிறவர் வாங்குவார். நான் கேட்பது விதியை மட்டும். பொம்மையை விற்றுவிட்டு அதை ஆடும் முறைக்குத் தனியாக ஒரு விலை கேட்பது, தையல் மிஷின் வாங்கியவரிடம் ஊசியில் நூல் கோக்கும் வழிக்குத் தனிக் காசு கேட்பது போலத்தான்.

இது நடக்காத காரியமும் அல்ல. அதே வார்ஹேமரின் பத்தாம் பதிப்பு வந்தபோது, அடிப்படை விதிகளை நிறுவனமே இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. பிறகு படைப்புத்தகங்கள் ஒவ்வொன்றாக விலைக்கு வந்தன என்பது வேறு. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கதையாடல் விளையாட்டின் விதிகளுக்கு 2000 முதல் ஒரு திறந்த உரிமம் இருந்தது. 2023 ஜனவரியில் அந்த உரிமத்தை இறுக்க, அந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனம் முயன்றது. ஆடுகிறவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே மாத இறுதியில் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுக்கொடுத்தது. பொம்மைப் போர் விளையாட்டிலேயே ‘ஒன் பேஜ் ரூல்ஸ்’ குழு சில பக்கங்களில் அடங்கும் விதிகளைக் காசில்லாமல் தருகிறது. எந்தப் பொம்மையை வைத்தும் ஆடலாம்.

நம் அரசாங்கமும் ஒரு காலத்தில் விதிக்கு விலை வைத்திருந்தது. வீடு எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் தேசியக் கட்டட விதித்தொகுப்பைக்கூடப் பெரும் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்து ஆர்வலர்கள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனார்கள். இன்று இந்தியத் தரநிலைகளை இணையத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். விதி எல்லோருக்கும் தெரிந்தால்தான் எல்லோரும் அதன்படி நடக்க முடியும் என்பது அங்கே ஏற்கப்பட்டுவிட்டது.

சதுரங்கம் பரவியது எப்படி?

2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு சதுரங்கப் பயிற்சி நடக்கிறதென்றால், அதற்கு ஆசிரியர்களும் பெற்றோரும் பட்ட பாடு பெரிது. ஆனால், அடியில் ஒரு எளிய காரணமும் இருக்கிறது. சதுரங்க விதிக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. உலக சதுரங்கக் கூட்டமைப்பு தன் விதிகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. நூறு ரூபாய்ப் பலகை வாங்கிய பிள்ளையும் உலக சாம்பியனும் ஒரே விதியில் ஆடுகிறார்கள்.

ஆடு புலி ஆட்டமும் அப்படித்தான். மூன்று புலி, பதினைந்து ஆடு. தரையில் கரித்துண்டால் கோடு போட்டால் பலகை தயார். பலம் சமமில்லாத இரண்டு படைகள் மோதும் போர் விளையாட்டு அது. விதியைப் பாட்டி சொன்னார், அத்தை சொன்னார். யாரும் காசு கேட்கவில்லை. நாம் இழந்தது என்னவென்றால், அதை எழுதி வைக்கவில்லை. ஊருக்கு ஊர் ஒரு விதி, சில ஊர்களில் ஆட்டமே மறந்துபோனது. விதி இலவசமாக இருந்தால் மட்டும் போதாது, எழுத்திலும் இருக்க வேண்டும்.

நாட்டுடைமை என்னும் வழி

எழுத்தாளருக்கோ அவர் குடும்பத்துக்கோ பணம் கொடுத்துவிட்டு, நூலை மக்களுக்குப் பொதுவாக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் ஊறிப்போனது. பாரதியின் படைப்புரிமையை 1949இல் சென்னை அரசு வாங்கியது. பின்னர் அது மக்கள் சொத்தானது. 1918 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வெளியே வந்த பாரதி கைதாகி அடைபட்டது கடலூர்ச் சிறையில்தான். அவர் பாட்டை இன்று எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம், எந்தப் பள்ளியும் பாடலாம். எழுதியவர் பங்கும் போகாமல், படிப்பவர் உரிமையும் போகாமல் பார்த்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை விளையாட்டு விதிக்கும் கொண்டுவருவதில் என்ன தடை?

சட்டத்திலும் தடை இல்லை. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இலேயே ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. டேப்பால் அளந்து நகர்த்துவதும் பகடை உருட்டி அடி போடுவதும் எவருடைய சொத்தும் அல்ல. பிறர் எழுதிய வாசகம், படம், கதைப் பெயர்கள், வணிகச் சின்னங்கள் ஆகியவற்றைத் தொடாமல், நம் சொந்தச் சொல்லில் நாமே ஒரு விதிநூல் எழுதலாம். வெல்ஸ் 1946இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு என்ற நம் சட்டப்படி அவருடைய ‘லிட்டில் வார்ஸ்’ 2007 முதல் இந்தியாவில் பொதுச் சொத்து. அதை அப்படியே தமிழாக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பொம்மைக்கும் வெளிநாடு போக வேண்டாம். பண்ருட்டியில் கொலு பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. அச்சில் வார்த்து, சுட்டு, வண்ணம் தீட்டி, கல்யாண செட்டும் கிரிக்கெட் செட்டும் செய்யும் கைகளுக்கு ஹைதரின் குதிரைப்படை பெரிய காரியமா? அவர்களுக்கு வேலை நவராத்திரியை ஒட்டித்தான். மீதி மாதங்களில் செய்ய ஒரு சரக்கு கிடைத்தால் அடுப்பு எரியும். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றாலும், கைவினைத் துறையில் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு இருக்கிறது. பதிவு செய்துகொள்ள மாவட்டத் தொழில் மையம் அவர்களுக்கு வழிகாட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதல் வேலை விதிநூல். பரங்கிப்பேட்டைப் போர், கடலூர் முற்றுகை இரண்டுக்கும் எட்டுப் பக்கத்துக்கு மிகாமல் எளிய தமிழில் விதி எழுத வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு, தமிழ், கணிதத் துறை மாணவர்கள் சேர்ந்தால் ஒரு பருவத்தில் முடிக்கலாம். வரலாற்றுக்காரர் படை எண்ணிக்கையைச் சொல்லட்டும், கணிதக்காரர் பகடைக் கணக்கைச் சரிபார்க்கட்டும், தமிழ் மாணவர் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி எழுதட்டும். எழுதியவர்களுக்கு உரிய ஊதியம் கொடுத்துவிட்டு, நூலை யாரும் அச்சிடலாம், திருத்தலாம் என்ற உரிமத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளியிட வேண்டும். ஆடு புலி, தாயம், பல்லாங்குழி ஆகியவற்றின் விதிகளையும் வட்டார வேறுபாடுகளோடு அதே வரிசையில் தொகுக்கலாம்.

இரண்டாவது, நூலகம். நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகப் போகிறது. 1948இலேயே நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. கடலூர் மாவட்ட மைய நூலகத்திலும் சிதம்பரம் கிளை நூலகத்திலும் விளையாட்டுக்கு ஓர் அலமாரி, ஒரு பெரிய மேசை வேண்டும். விலை கூடிய வெளிநாட்டு விதிப்புத்தகங்களை நூலகமே ஒவ்வொரு பிரதி வாங்கி வைத்தால், நாற்பது பிள்ளைகள் முறைப்படி படிப்பார்கள். கடலூர் அரசு அருங்காட்சியகம் கோடை விடுமுறையில் 1783 முற்றுகையை மேசையில் ஆடிக் காட்டும் பட்டறை நடத்தலாம். போரைக் கொண்டாட அல்ல. சமாதானச் செய்தி தாமதமானதால் எத்தனை உயிர் போனது என்று பிள்ளைகள் விளங்கிக்கொள்ள.

நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடிப்படை விதியையும் படை விவரத்தையும் இலவசமாக விடுங்கள். முடியாவிட்டால், புதிய பதிப்பு வந்த நாளிலாவது பழைய பதிப்பை விட்டுக்கொடுங்கள். நீங்கள் இனி விற்கப்போவதில்லை என்ற புத்தகம் ஒரு பிள்ளைக்கு முழு விளையாட்டு. மின்நூலுக்கு இந்திய விலை என்று ஒன்று வையுங்கள். தமிழாக்கம் செய்ய முன்வருபவர்களுக்கு அனுமதி கொடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். ‘படிக்கிற வயசில் பொம்மை எதுக்கு’ என்று கேட்காதீர்கள். அட்டையை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை கைப்பேசியில் மூழ்கவில்லை. முடிந்தால் எதிர்ப் படையை நீங்கள் நடத்துங்கள்.

இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் நிதி வேண்டாம். ஒரு மேசை, ஓர் அலமாரி, ஒரு கட்டு காகிதம், சில பகடைகள், எட்டுப் பக்கத் தமிழ் விதிநூல். வரும் கோடை விடுமுறைக்கு முன் கடலூர் மாவட்ட நிர்வாகமும் பொது நூலகத் துறையும் பல்கலைக்கழகத்தோடு உட்கார்ந்து பேசி, இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.